பட்டா ஒருவர் பெயரில்

எல்லோருக்கும் வணக்கம். குத்தகைக்கு நிலம் பிடித்து விவசாயம் பார்க்கிறவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். நான் சொல்லப்போகும் கதை உங்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், கெய்ர்ன்ஸ் துறைமுகத்துக்கு மேற்கே மலையேறினால் ஆதர்ட்டன் என்றொரு பீடபூமி. 1873இல் பாமர் ஆற்றுப் பக்கம் தங்கம் இருப்பது தெரிந்ததும் தென்சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வட்டாரத்துக்குக் கப்பலேறி வந்தார்கள். தங்கம் குறைந்தபோது அவர்களில் ஒரு பகுதியினர் மலைக்கு வந்து மண்ணைக் கிளற ஆரம்பித்தார்கள்.

அப்போது அங்கே அடர்ந்த மழைக்காடு. யிடின்ஜி முதலிய பழங்குடிகள் காலங்காலமாகப் புழங்கிய காடு. அவர்களை யார் கேட்டார்கள்? அரசாங்கம் அளந்து வெள்ளைக்காரக் குடியேறிகளுக்குக் கொடுத்துவிட்டது. கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை: நிலத்தைத் திருத்த வேண்டும். மரத்தைச் சாய்த்து, எரித்து, வேர்க்கட்டைகளுக்கு நடுவே விதை ஊன்றுவது லேசுப்பட்ட வேலையா? சீனருக்கோ நிலத்தைச் சொந்தமாக எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. அப்புறம் என்ன, ஏற்பாடு தானாகவே அமைந்தது. பட்டா வெள்ளைக்காரர் பெயரில். மண்வெட்டி சீனர் கையில். காடு திருத்தி மக்காச்சோளம் போட்டார்கள். நிலத்துக்காரருக்குக் குத்தகைப் பணமும் வந்தது, திருத்திய நிலமும் கிடைத்தது.

ஊரோரத்தில் ஒரு சீனத் தெரு முளைத்தது. 1903இல் ஹவ் வாங் என்ற தங்கள் சாமிக்குக் கோயில் கட்டினார்கள். சுவரும் கூரையும் தகரம். உள்ளே போனால் சீனாவிலிருந்து வரவழைத்த மரச்சிற்பங்கள். எனக்கு அந்தத் தகரம் பிடிக்கும். கையில் கிடைத்ததை வைத்துக் கட்டிய சாமி வீடு.

இதை நட்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பகை என்றும் சொல்ல முடியாது. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு ஓடவில்லை, அவ்வளவுதான். முதல் உலகப்போர் முடிந்து படைவீரர்கள் திரும்பினார்கள். அவர்களுக்கு நிலம் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் சீனரின் குத்தகைகள் பறிபோயின. திருத்திய நிலம் இருந்தது, திருத்தியவர்கள் போய்விட்டார்கள். தெரு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. கோயில் மட்டும் இன்றும் நிற்கிறது.

நியூசிலாந்தின் தாரநாக்கியில் கதை கொஞ்சம் வேறு. அங்கேயும் காட்டை வெட்டித்தான் பண்ணை போட்டார்கள். சாய்ந்து கிடந்த மரங்களில் காது மாதிரி ஒரு காளான் மொய்த்தது. வெள்ளைக்காரருக்கு அது குப்பை. சீனரின் சூப்புக்கு அருமருந்து. 1870 வாக்கில் அங்கு வந்த சூ சோங் என்ற வியாபாரி அதைக் காசு கொடுத்து வாங்கினார். காசு என்பதை அழுத்திச் சொல்கிறேன். மற்ற கடைக்காரர்கள் விவசாயிகளின் வெண்ணெயை எடுத்துக்கொண்டு பதிலுக்குப் பண்டம்தான் தருவார்கள். வரி கட்டவும் மாடு வாங்கவும் காளான் காசுதான் பல குடும்பங்களுக்குக் கை கொடுத்தது. அவர் 1887இல் எல்தாம் ஊரில் வெண்ணெய்த் தொழிற்சாலையே தொடங்கினார். விவசாயிகள் கூட்டுறவு ஆலைகள் வைத்ததும் அது நொடித்துப்போனது. ஆனாலும் முதுமையில் அவரை அழைத்துப் பாராட்டுப் பத்திரம் வாசித்துக் கொடுத்தார்கள்.

அதே நாடு 1881இல் சீனர்களுக்கு மட்டும் தலைக்கு 10 பவுண்டு நுழைவு வரி போட்டது; 1896இல் அதை 100 ஆக்கியது. ஆண்கள் வருவதே பெரும்பாடு, மனைவியை எங்கே கூட்டிவருவது? 1944 வரை அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது. அரசு மன்னிப்புக் கேட்டது 2002இல்.

அதனால்தான் அங்கே காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்த சீனர்களில் பெரும்பாலோர் தனிக்கட்டைகள். விடியுமுன் காவடியின் இரு பக்கமும் தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு பாத்திக்குப் பாத்தி நடப்பார்கள். பிறகு கூடைகளோடு தெருத்தெருவாகக் கீரையும் கோசும் விற்பார்கள். விலையில் பேரம், சிறுவர்களின் கேலி, சில நாள் கல்லடியும் உண்டு. கிறிஸ்துமஸ் வந்தால் மட்டும் வாடிக்கை வீட்டு அம்மாக்களுக்கு இஞ்சிப்பாகு நிறைந்த ஒரு பீங்கான் ஜாடி இனாம். இஞ்சி தீர்ந்ததும் ஜாடியைக் கழுவி அடுப்பங்கரை அலமாரியில் வைத்துக்கொள்வார்கள். கொடுத்தவர் பெயர் அந்த வீட்டில் பலருக்குத் தெரியாது. எல்லா வீட்டிலும் அவர் ‘ஜான்’தான்.