படிக்கட்டில் தொடங்கும் பாடம்

நேயர்களுக்கு வணக்கம். கட்டடக் கலைஞர் என்றதும், முகப்பை அழகாக வரைந்து கொடுப்பவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். தூணும் உத்தரமும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடுவது கட்டமைப்புப் பொறியாளரின் வேலை. அப்படியானால் இவருக்கு என்னதான் வேலை? ஒரு படிக்கட்டை எடுத்துக்கொள்வோம்.

படியின் உயரத்தை இரட்டித்து, அதோடு கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் 60 முதல் 65 சென்டிமீட்டருக்குள் வரவேண்டும். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல், மனிதர் எடுத்து வைக்கும் அடியை அளவாகக் கொண்டு சொன்ன கணக்கு இது. இன்றும் அதையொட்டித்தான் வரைகிறோம். நடுவில் ஒரு படி மட்டும் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் கால் இடறக்கூடும். இரண்டு மூன்று படி ஏறியதுமே கால் அந்த உயரத்துக்குப் பழகிவிடுகிறது, அதன்பின் நாம் குனிந்து பார்ப்பதில்லை. வெளிச்சம் எங்கிருந்து விழும்? இறங்குபவரின் தலை இடிக்குமா? தீப்பிடித்தால் எல்லாரும் வெளியேற அகலம் போதுமா? படியேற முடியாதவர் எந்த வழியாக வருவார்? சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை ஒரு மீட்டர் உயர 12 மீட்டர் நீளம் வேண்டும். அந்த இடத்தை முதல் வரைபடத்திலேயே ஒதுக்காவிட்டால், அவர் பின்வாசலைத் தேடிப் போகவேண்டியதுதான்.

இத்தனை கேள்விகளும் ஒரே தலைக்குள் சேர்ந்து ஓடப் பழக்குவதுதான் பயிற்சி. யுனெஸ்கோவும் சர்வதேசக் கட்டடக் கலைஞர் ஒன்றியமும் வகுத்த கல்விச் சாசனம் ஐந்தாண்டு முழுநேரப் படிப்பு வேண்டும் என்கிறது. அதில் பெரும்பொழுது ஸ்டூடியோ எனப்படும் வடிவமைப்பு வகுப்பில் கழியும். வரைந்ததைச் சுவரில் மாட்டிவிட்டு மாணவர் நிற்பார், ஆசிரியர்கள் கேட்பார்கள்: "இந்தக் கூரையில் விழும் மழைத்தண்ணீர் எங்கே போகும்?" பதில் இல்லையென்றால் மறுபடி வரையவேண்டும். கடுமையான முறைதான், ஆனால் அது காகிதத்திலேயே தவற்றைப் பிடித்துவிடுகிறது.

கணினி இன்று நொடியில் ஒளிரும் படத்தைத் தந்துவிடுகிறது. சுவரின் தடிமனையும் தளத்துக்கு அடியில் ஓடும் குழாயையும் மறைத்துவிடக்கூடிய படம் அது. அதனால் கட்டடத்தை நெடுக்காக வெட்டிக் காட்டும் வரைபடத்தை மாணவர் கையால் வரைந்தே பழகவேண்டும் என்பேன். பொருளைத் தொட்டும் பழகவேண்டும். 1919இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹாஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் மரம், உலோகம், நெசவு என்று பட்டறைப் பயிற்சிதான் முதலில் நடந்தது. கட்டடக் கலைக்கென்று தனித்துறை 1927இல்தான் வந்தது.

இன்னொன்றும் பாடத்திட்டத்தில் சேரவேண்டும். குடிபுகுந்து ஓராண்டு ஆன கட்டடத்துக்கு மாணவர்கள் போய், அங்கே துப்புரவு செய்பவரிடம் பேசவேண்டும். எந்த ஜன்னல் கைக்கு எட்டவில்லை, எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதைக் குறித்துவந்து வரைபடத்தைத் திருத்தும் மாணவருக்குக் கல்லூரிகள் மதிப்பெண் கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.