திங்கட்கிழமை மூச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

ஓல்டாம் என்ற பெயரைச் சின்ன வயதிலேயே எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் மில் வேலை. ஆயுத பூஜை அன்று பிள்ளைகளையும் உள்ளே விடுவார்கள். சந்தனம் தெளித்த மிஷினில் ‘பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம்’ என்று இரும்பிலேயே வார்த்திருக்கும். 1973ல் டாக்டராக அந்த ஊரிலேயே போய் இறங்கினேன்.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில், பெனைன் மலையை ஒட்டிய ஊர். ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகப் பஞ்சு நூற்ற ஊர் அதுதான். நான் போனபோது நிறைய மில்கள் மூடிக் கிடந்தன. மிச்சம் இருந்தவற்றில் இரவு ஷிப்ட் பெரும்பாலும் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள் கையில். மழையைப் பற்றி என்ன சொல்ல, பெய்துகொண்டே இருந்தது.

எனக்கு வேலை நெஞ்சு நோய் வார்டில். தறி ஓட்டிய பாட்டிமார் பலருக்குக் காது மந்தம். ஆனால் எதையும் ஒளிக்க முடியாது. தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் உதட்டசைவிலேயே பேசிப் பழகியவர்கள். அதற்கு ‘மீ-மா’ என்று பெயர். வார்டின் அந்தக் கோடியில் நர்ஸிடம் மெல்லப் பேசிவிட்டுத் திரும்பினால், “நாளைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பறீங்களாமே, லவ்” என்பார் ஒரு பாட்டி. டாக்டரோ பஸ் டிரைவரோ, எல்லோரும் அங்கே ‘லவ்’தான்.

பஞ்சாலை ஆள் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை என் மேலதிகாரி சொல்லிக் கொடுத்தார்: “திங்கட்கிழமை எப்படி இருக்கும்?” கார்டிங்கில், அதாவது பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் பிரிவில், பஞ்சுத் தூசியை மூச்சில் இழுப்பவர்களுக்கு வரும் பைசினோசிஸ் அப்படித்தான் தொடங்கும். ஞாயிறு விடுமுறை முடிந்து வேலைக்குப் போன அன்று நெஞ்சை இறுக்கும், செவ்வாய் லேசாகும். வருடங்கள் போகப் போக எல்லா நாளும் திங்கள் ஆகிவிடும். இதற்கு நஷ்டஈட்டுத் திட்டம் 1941ல் வந்தது. அதுவும் முதலில் ஆண்களுக்கு மட்டும், இருபது வருடம் உழைத்து முழுசாக முடங்கியவர்களுக்கு. கார்டிங்கில் பெண்கள் எத்தனை பேர் நின்றார்கள் என்று சட்டம் போட்டவர்களுக்குத் தெரியாதா என்ன?

கோடையில் ‘வேக்ஸ்’ விடுமுறை வரும். ஊரே மில்லைப் பூட்டிவிட்டு பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்விடும். அந்த நாட்களில் புகை விலகி, மலை பளிச்சென்று தெரியும் என்பார்கள். நல்ல காற்று வாங்கித் திரும்பியவர்களுக்கு, வேலைக்குப் போகும் முதல் நாள்தான் இறுக்கம் அதிகம். “ரொம்ப சந்தோஷமா இருந்துட்டேன் போல, டாக்டர்” என்று ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

1976ல் லீவில் ஊருக்கு வந்தேன். அப்பா திண்ணையில் இருமிக்கொண்டிருந்தார். “திங்கட்கிழமை மூச்சு இறுக்குதாப்பா?” என்று கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல, திங்கட்கிழமை நல்லாத்தான் இருப்பேன்” என்றார். சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார்: “வெள்ளிக்கிழமைதான் இழுக்கும். அவங்க மில்லுக்கு வியாழக்கிழமையில்ல லீவு.”