ஒன்பதில் ஒன்று நம்ம சேவலுடையது இல்லை

வணக்கம் மக்களே. பின்னால் கீச்சு கீச்சென்று கேட்கிறதா? நம்ம சிறுவிடை நாட்டுக்கோழி கருப்பி நேற்று இரவு பொரித்துவிட்டாள்! 21 நாளும் தீனிக்கும் தண்ணீருக்கும் தவிர எழுந்திருக்கவே இல்லை. வைத்தது 11 முட்டை, வந்தது 9 குஞ்சு. ஒன்று கூமுட்டை. இன்னொன்று ஓட்டை உடைக்க முடியாமல் உள்ளேயே போய்விட்டது.

இன்குபேட்டர் வாங்கு, வாங்கு என்று கமெண்டில் உயிரை எடுத்தீர்களே, இப்போது சொல்கிறேன். எனக்குக் குஞ்சு மட்டும் போதாது, அடை உட்காரத் தெரிந்த பெட்டை வேண்டும். மெஷினில் பொரித்தால் எது உட்காரும், எது பாதியில் எழுந்து ஓடும் என்று எப்படித் தெரியும்? வெள்ளை லெகார்ன் கோழி முட்டையாகப் போட்டுத் தள்ளும், ஆனால் அடை உட்காராது. முட்டைக்காக அந்தக் குணத்தைக் கழித்துக் கழித்தே அப்படி ஆக்கிவிட்டார்கள். நான் அதைத் திருப்பிச் செய்கிறேன். சிறுவிடை என்றால் சின்ன உடம்பு, மெல்லிய கால், அடையில் அசையாத பிடிவாதம். ஒன்றரைக் கிலோ தாண்டுகிற பெட்டை என் கணக்கில் குழம்புக்குத்தான்.

சேவல் வாங்கிய கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. 3,000 கேட்டார். அரை மணி நேரம் பேசி, இரண்டு முறை போவது போல நடித்து, 2,200க்கு முடித்தேன். அந்தச் சந்தோஷம் பஸ் ஏறும் வரைதான். கண்டக்டர் கூடையைப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் 30 ரூபாய் என்கிறார். மடியில்தான் வைத்திருக்கிறேன், சீட்டில்கூட வைக்கவில்லை! ஏன் அண்ணே என்றால், "கூவுதுல்ல?" என்கிறார். கூவினால் டிக்கெட்டா? இன்னும் ஆறவில்லை எனக்கு. அந்த டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், இதோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் குஞ்சின் தலையைப் பாருங்கள். மற்ற எட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கோடு. இதற்கு மட்டும் மூன்று வரியாக, தலையோடு ஒட்டிய கொண்டை. கருப்பிக்கும் நம்ம சேவலுக்கும் கத்தி மாதிரி நிமிர்ந்த ஒற்றைக் கொண்டைதான். அந்த ஜோடிக்கு ஒட்டுக் கொண்டை பிறக்கவே பிறக்காது. ஒட்டுக் கொண்டை தாயோ தகப்பனோ ஒரு பக்கம் இருந்தால்தான் வரும். அப்படிக் கொண்டை இந்தத் தெருவில் யாருக்கு இருக்கிறது? பக்கத்து வீட்டுப் பெருவிடைச் சேவலுக்கு, அந்தப் பெரிய உடம்பு இனத்துக்காரனுக்கு!

ஆனால் தப்பு என்னுடையதுதான். சேவல் ஒரு தடவை மிதித்தால், அதாவது இணை சேர்ந்தால், பெட்டைக்கு இரண்டு, மூன்று வாரம் வரை கருக்கூடிய முட்டை வரும். பக்கத்து வீட்டுச் சேவல் வராமல் வேலியை அடைத்து, புதுச் சேவலை விட்டு, மூன்று வாரம் கழித்துத்தான் அடைக்கு முட்டை சேர்த்திருக்க வேண்டும். நான் பத்தாம் நாளே முட்டையில் பென்சிலால் தேதி எழுதிச் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். போன வீடியோவிலேயே ஒருவர் பொறுங்கள் என்று எழுதியிருந்தார். அவருக்கு ஹார்ட்டுகூடப் போடவில்லை நான், மன்னிக்கணும்.

அப்புறம், அடைக்கூடையில் கரித்துண்டும் வரமிளகாயும் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க அம்மா வைத்தது. எனக்கு நம்பிக்கை இல்லை, எடுக்கத் தைரியமும் இல்லை.

எட்டுக்கும் ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்கச் சொட்டு மருந்து. ஒன்பதாவதற்கும் உண்டு, பாவம், அது என்ன செய்யும். வளரட்டும், ஆனால் இனத்துக்கு விடமாட்டேன்.

இருங்கள். மதில் மேல் யார் நிற்கிறான் பாருங்கள். அதே பெருவிடை! கேமராவைக் கீழே வைக்கிறேன், ஒரு நிமிடம்.