கோயமுத்தூர்க் குடும்பக் கதை ஏன் சீரியல் மாதிரி வருகிறது?

சரி, அடுத்த கேள்வி. சரவணம்பட்டியிலிருந்து ஒரு தம்பி, ஐடி கம்பெனியில் இருக்கிறார். "வேலைக்குப் போகிற புருஷன் பெண்டாட்டி, அபார்ட்மென்ட் வாழ்க்கை, இதை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். படித்தவர்கள் எல்லாரும் டிவி சீரியல் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். கொங்குப் பேச்சில் மாற்றி எழுதினால் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, கதையையும் அனுப்பியிருந்தீர்கள், படித்தேன். மூன்றாவது பக்கத்தில் அந்தப் பெண், "உங்களுக்கு என் மேல அக்கறையே இல்லை" என்கிறாள். சீரியல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் ஊரில் எந்த வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்? "மோட்டார் போடச் சொன்னேனே, போட்டீங்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் எல்லாம் இருக்கும்.

கோவையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை விட்டுவிட்டு எப்படிக் குடும்பக் கதை எழுதினீர்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சில பகுதிகளுக்கு ருசிக்குப் பேர்போன சிறுவாணி அணைத் தண்ணீர், சில பகுதிகளுக்குப் பில்லூர் அணைத் தண்ணீர். சிறுவாணி குடித்து வளர்ந்த பெண் கல்யாணமாகி வேறு தண்ணீர் வருகிற ஏரியாவுக்கு வருகிறாள் என்று வையுங்கள். முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கிறாள். மாமியார் பார்க்கிறார். யாரும் ஒன்றும் பேசவில்லை. ஆறு மாதம் கழித்து அவள் புருஷன் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது, பெட்ரோல் டேங்க் மேல் ஒரு கேன் சிறுவாணித் தண்ணீர். பெண்டாட்டிக்கு அது பிரியம், அம்மாவுக்கு அதே கேன் அவமானம். அதை அடுப்படியில் எங்கே வைப்பான்? எனக்கு இந்த ஒரு இடம் போதும், மூன்று பேரும் அதில் வந்துவிடுகிறார்கள்.

நான் திருப்பூரில் நாலு வருடம் லைன் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் டெய்லர், அந்த அக்கா வேறொரு பனியன் கம்பெனியில் செக்கிங். காலையில் எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வர ராத்திரி ஒன்பது ஆகும். சனிக்கிழமை சம்பளம். அன்றைக்கு மட்டும் இரண்டு பேரும் நேராக வீட்டுக்கு வரமாட்டார்கள். ஒரு டீக்கடையில் சந்தித்து, வாடகை, சீட்டு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் கணக்குப் பார்த்து, சண்டையும் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். லைன் வீட்டுச் சுவர் அப்படி, பேசினால் எங்களுக்கெல்லாம் கேட்கும். சண்டை போட இடம் இல்லாமல் டீக்கடைக்குப் போன தம்பதி! இதைக் கதையாக்க நானும் பலமுறை முயன்றுவிட்டேன். அவர்கள் அங்கே என்ன பேசினார்கள் என்று எழுதப்போனாலே கெட்டுப்போகிறது. வரும்போது கையில் இருந்த பக்கோடாப் பொட்டலத்தோடு நிறுத்த வேண்டும் போல.

அப்புறம் கொங்குப் பேச்சு. 1942-இலேயே ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' நாவலில் இந்தப் பேச்சைக் கொண்டுவந்துவிட்டார். அது காடு தோட்டத்து ஆட்களின் பேச்சு. உங்கள் ஆட்கள் மீட்டிங்கில் இங்கிலீஷ், லிஃப்டில் பொதுத்தமிழ், ஊரிலிருந்து ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்தால்தான் 'ஏனுங்க'. ஒவ்வொரு வரியிலும் 'ங்க' போட்டால் நக்கல் பண்ணுகிற மாதிரி ஆகிவிடும், சினிமாக்காரர்கள் ஏற்கெனவே போதுமான அளவு செய்துவிட்டார்கள். எங்கள் பெரியப்பா பெரியம்மாவிடம் எப்போதும் 'வா, போ'தான். கோபம் முற்றினால், "சரிங்கம்மிணி, நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்பார். மரியாதை ஏறுகிறது என்றால் நாங்கள் பிள்ளைகள் எல்லாம் வாசலுக்கு நழுவிவிடுவோம். 'ங்க' எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். அந்த இடத்துக்கு மட்டும் போட்டால் போதும்.

உங்கள் கதையில் எனக்குப் பிடித்தது நான்காவது பக்கம். அவன் பால்கனியில் நின்று அவன் அம்மாவிடம் போன் பேசுகிறான், அப்போது மட்டும் பேச்சே மாறிவிடுகிறது. உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணுக்கு அது கேட்கிறது. தன்னிடம் அப்படி அவன் பேசியதில்லை. நீங்கள் தெரிந்து எழுதினீர்களோ தெரியாமல் எழுதினீர்களோ, நன்றாக வந்திருக்கிறது. அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள். முதல் மூன்று பக்கத்தையும் எடுத்துவிடலாம், வருத்தப்படாதீர்கள். எழுதினதும் திரும்ப அனுப்புங்கள்.

அடுத்து, பல்லடத்திலிருந்து ஒரு அம்மிணி கேட்கிறார்...