மொட்டை மாடிக் கம்பி

(தலைப்பு: வெளியூரில் குடியேறும் கனவைக் கைவிடுவது தோல்வியா, தெளிவா? "தெளிவே" அணியின் பேச்சு. இடம்: வேலூர்)

நடுவர் அவர்களுக்கும், எதிர் அணி நண்பர்களுக்கும், இந்த வெக்கையிலும் துண்டால விசிறிக்கிட்டே உட்கார்ந்திருக்கிற வேலூர் மக்களுக்கும் வணக்கம்.

எதிர் அணித் தலைவர் அருமையாப் பேசினார். "இந்த ஊர்ல இன்னா கீது? தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்"னு நம்ம ஊர்ச் சொலவடையையே எடுத்து நம்ம மேல வீசி, கைதட்டலும் வாங்கிட்டார். ஆனா நடுவர் அவர்களே, அந்தச் சொலவடை காலாவதியாகி ரொம்ப நாளாச்சு. சாமி இல்லைங்கிறது 1981 வரைக்கும்தான். சத்துவாச்சாரியில இருந்த ஜலகண்டேஸ்வரர் அந்த வருஷமே கோட்டைக்குள்ள திரும்பி வந்துட்டார். 2021 நவம்பர்ல பாலாறு எப்படிப் போச்சுன்னு கரையோரத்துக்காரங்களைக் கேளுங்க. ராஜா மட்டும்தான் இன்னும் வரலை. வராததே நல்லது, நமக்கு ஓட்டுப் போட்டே பழகிடுச்சு.

அடுத்து "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு"ன்னார். தேடச் சொன்னாங்க, சரி. அங்கேயே வாடகைக்கு வீடு பிடிக்கச் சொன்னாங்களா?

போறவங்களை நாங்க தடுக்கலை. கையில வேலை உத்தரவு இருக்கு, சம்பளம் கட்டுபடியாகுது, வீட்டுல நாலு பேரும் சம்மதம்னா, நாளைக்குக் காலையிலயே காட்பாடியில ரயில் ஏறுங்க. தென்னிந்தியாவோட முதல் ரயில் 1856 ஜூலை 1-ல ராயபுரத்துல கிளம்பி வந்து நின்னதே நம்ம வாலாஜா ரோட்டுலதான். போக வர வசதி இந்த வட்டாரத்துக்குப் புதுசு இல்ல. எங்க பேச்சு போறவங்களைப் பத்தி இல்ல. பத்து வருஷமா "போகப் போறேன், போகப் போறேன்"னு சொல்லிக்கிட்டு, போகாமலும் இங்க இருக்காமலும் இருக்காங்க பாருங்க, அவங்களைப் பத்தி.

முதல்ல கணக்கு. ராணிப்பேட்டை சிப்காட்ல 30,000 சம்பளம் வாங்குற ஒருத்தருக்குச் சென்னையில 45,000-க்கு வேலை வருதுன்னு வெச்சுக்குவோம். 15,000 கூட. மனசு உடனே பறக்கும். இப்ப இறக்கிப் பாருங்க. சத்துவாச்சாரியில 8,000 வாடகை, அங்க 18,000. பத்தாயிரம் அங்கயே போச்சு. பராமரிப்பு, தண்ணி லாரி, கேன் தண்ணி 2,000. பஸ், மெட்ரோ, ஷேர் ஆட்டோ 2,500. கரண்ட் பில்லு தனிக் கணக்கு. இங்க வீட்டுக்குத் தனி இணைப்பு, ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அங்க நிறைய வாடகை வீட்டுல சப்மீட்டர் வெச்சு, முதல் யூனிட்லேர்ந்தே ஒரே ரேட்டு வாங்குவாங்க. அதுக்கு மாசம் 1,000 கூட வைங்க. மொத்தம் 15,500. சம்பளம் 15,000 ஏறி, கையில 500 துண்டு விழுது. பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸை நான் இன்னும் தொடவே இல்ல!

இது மாசக் கணக்கு. போய் இறங்குறதுக்கு மொத்தமா ஒரு தொகை வேணுமே? ஒப்பந்தத்துல வேற மாதிரி பேசிக்கலைன்னா, வாடகை வீட்டு அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாதுன்னு 2017-ல போட்ட சட்டம் 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்துச்சு. ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணணும்னும் அதுலயே இருக்கு. நடைமுறையில? ஆறு மாசம் கேப்பாங்க, பத்து மாசம் கேக்கிறவங்களும் உண்டு. சட்டம் பேசினா "வேற வீடு பாருங்க"ம்பாங்க. ஆறு மாசம்னே வைங்க, 1,08,000. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை 18,000. வண்டி, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி 12,000. ஆக 1,38,000 எடுத்து வெச்சாத்தான் பால் காய்ச்சவே முடியும். காலி பண்ணும்போது "பெயின்ட் அடிக்கணும்"னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மீதி அட்வான்ஸ் கைக்கு வரும்.

என் கணக்குல தப்பு இருந்தா உங்க சம்பளம், உங்க வாடகையைப் போட்டுப் பாருங்க. சிலருக்கு நிஜமாவே மிச்சம் நிக்கும். அவங்க போகட்டும். நிக்காதவங்க கணக்கு நோட்டை மூடி வெச்சுட்டுக் கனவை மட்டும் திறந்து வெச்சிருக்காங்க பாருங்க, எதிர் அணி அதுக்குப் பேரு லட்சியம்கிறாங்க.

அந்தத் திறந்து வெச்ச கனவு வீட்டை என்ன பண்ணும்? மொட்டை மாடிக்கு வாங்க, காட்டுறேன்.

காட்பாடி, பாகாயம், குடியாத்தம், எந்தத் தெருவுல வேணும்னாலும் நிமிர்ந்து பாருங்க. கீழ்த்தளம் முடிஞ்சிருக்கும். மேல பில்லர் கம்பி நாலு நாலா வானத்தைப் பார்த்து நிக்கும். "மாடி எழுப்பணும்"னு விட்டது. அப்புறம் சென்னை நினைப்பு வந்துச்சு. "போற ஊருக்கு எதுக்கு மாடி?" சரி, போனாங்களா? போகலை. மாடியும் இல்ல. மழைக்குக் கம்பி நனையும், வெயிலுக்குக் காயும், துரு ஏறும். அதுல ஒரு சமர்த்து வேலை பண்ணுவாங்க, பிளாஸ்டிக் பாட்டிலைக் கவுத்து மாட்டுவாங்க. பாட்டில் மேல் நுனியை மட்டும்தான் காக்கும். துரு முதல்ல கடிக்கிற இடம் கம்பி கான்கிரீட்டுக்குள்ள இறங்குற அடிப்பாகம், ஏன்னா தண்ணி தேங்கி நிக்கிறது அங்கதான். துருப்பிடிச்ச இரும்பு தன் பருமனைவிடப் பல மடங்கு உப்பும். உள்ள இடம் இல்லாம, சுத்தியிருக்கிற கான்கிரீட்டைப் பிளக்கும். அந்த வெடிப்பு வழியா தண்ணி இறங்கி, கீழ படுக்கையறையில பில்லர் ஓரமா பழுப்பு நிறத்துல திட்டு விழும். "மேஸ்திரி சரியாக் கட்டலை"ன்னு பழியை அவர் மேல போடுவோம்.

இதுக்கு வைத்தியம் ரெண்டே ரெண்டு. மாடி கட்டத்தான் போறோம், கொஞ்சம் தள்ளிப்போகும்னா, கம்பியை இரும்புப் பிரஷ் போட்டுத் தேய்ச்சு, சிமென்ட் பால் பூசி, சுத்தி சிமென்ட் குறைஞ்ச கலவையில கான்கிரீட் போட்டு மூடி வைக்கணும். வெறும் சிமென்ட் பாலு வெயில்ல உரிஞ்சிடும், வருஷா வருஷம் பூசணும். கட்டப்போறதே இல்லைன்னா கம்பியைத் தளத்துக்குக் கொஞ்சம் கீழயே அறுத்து, கலவை வெச்சு அடைச்சு, மேல நீர்க்காப்புப் பூச்சு பூசிடணும். நடுவுல விட்டா, பின்னால மாடி எழுப்ப ஆசைப்படும்போது இன்ஜினியர் வந்து கம்பியைத் தட்டிப் பார்த்து, "இளைச்சுப் போச்சு, இதை நம்பி ஏத்த முடியாது, மாத்துக் கம்பி கட்டணும்"பார். செலவு ரெட்டிப்பு. நடுவர் அவர்களே, கட்டினவனுக்கும் நஷ்டமில்ல, அறுத்தவனுக்கும் நஷ்டமில்ல.

"அப்ப கனவை எப்படி அறுக்கிறது, சொல்லிட்டா போயிடுமா?"ன்னு முன் வரிசையில அம்மா ஒருத்தங்க கேக்கிறாங்க. நியாயமான கேள்வி. வாயால விட்டா போகாது.

ஒரு தாளை எடுங்க, நடுவுல கோடு போடுங்க. இந்தப் பக்கம் "குடியிருந்தாதான் கிடைக்கும்", அந்தப் பக்கம் "போய் வந்தா கிடைக்கும்". அந்த ஊர்ல உங்களுக்கு என்னென்ன வேணுமோ ஒவ்வொண்ணா எழுதுங்க. கடல், மார்கழிக் கச்சேரி, ரிச்சி ஸ்ட்ரீட்ல எலக்ட்ரானிக் சாமான், சனிக்கிழமை வகுப்பு, பெரிய புத்தகக் கண்காட்சி எல்லாம் அந்தப் பக்கம் போயிடும். காட்பாடியிலேர்ந்து சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர், விரைவு ரயில்ல ஏறக்குறைய ரெண்டு மணி நேரம். சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரைக்கும் தர்றாங்க, நமக்கு வரம்புக்குள்ளதான். ஆனா முன்பதிவு இல்லாத பெட்டிக்குத்தான் அது, சூப்பர்ஃபாஸ்ட் வண்டின்னா கூடுதல் கட்டணம் தனி. தினமும் போய் வந்தா உடம்பு பிழிஞ்சிடும், அதையும் மறைக்காம சொல்லிடறேன். வாரம் ரெண்டு நாள், மூணு நாள்னா தாங்கும்.

"குடியிருந்தாதான்"கிற பக்கத்துல என்ன மிஞ்சுதுன்னு பாருங்க. பாதிப் பேருக்கு அது காலியாத்தான் இருக்கும். காலியா இல்லைன்னா ஒரு மாசம் போய் இருந்து பாருங்க. ஜனவரியில போகாதீங்க, ஜனவரியில எந்த ஊரும் நல்லாத்தான் இருக்கும். மே மாசம் போங்க. சித்தப்பா வீட்டுல தங்காதீங்க. வாடகை, தண்ணி, சமையல் மூணையும் சித்தி பார்த்துப்பாங்க, ஊரோட நிஜ விலை உங்க கண்ணுல படாது. அறை எடுத்துத் தங்கி, வாசப்படியிலேர்ந்து வேலையிடத்துக்கு எத்தனை நிமிஷம்னு தினம் குறிச்சு வைங்க. மாசக் கடைசியில இன்னொண்ணையும் எண்ணுங்க: கடலைப் பார்க்கணும்னு வந்தோமே, எத்தனை நாள் பார்த்தோம்?

இதுல சறுக்குற இடமும் சொல்லிடணும். மனசு விட்டாலும் பணம் விடாது. "சென்னைக்கு மிக அருகில்"னு தவணையில வாங்கின மனை ஒண்ணு இருக்கும். போய்ப் பார்த்தா அது சென்னையைவிட வாலாஜாவுக்குக் கிட்ட இருக்கும்! முதல்ல வில்லங்கச் சான்று எடுங்க, பட்டா உங்க பேருக்கு மாறியிருக்கான்னு பாருங்க, மனைப்பிரிவுக்கு அனுமதி இருக்கான்னு பாருங்க, அப்புறம் வெச்சுக்கிறதா விக்கிறதான்னு முடிவெடுங்க. இன்னொரு சறுக்கல், வீட்டுக்காரர் தனியா முடிவெடுக்கிறது. கனவு அவரோடதா, வீட்டுக்காரம்மாவோடதா? பல வீட்டுல கேக்கிறதே இல்ல. அப்புறம், விட்டுட்டேன்னு சொல்லிட்டுச் சென்னையைத் திட்டிக்கிட்டே இருக்கிறது. சீச்சீ புளிக்கும்னு சொன்ன நரி திராட்சையை மறக்கவே இல்ல. திட்டுற வரைக்கும் நீங்களும் விடலைன்னுதான் அர்த்தம்.

இந்த வெயிலைச் சொல்லித்தான் நிறையப் பேர் ஊரை விடணும்கிறாங்க. எதிர் அணி "வெயிலூர்"னு கிண்டல் பண்ணாங்க. நாற்பது டிகிரி தாண்டும், மறுக்கலை. ஆனா இங்க மே மாசத்து மத்தியானக் காத்து காய்ஞ்ச காத்து. தண்ணி ஊத்தி ஓட்டுற ஏர் கூலர் இங்க வேலை செய்யும், கடலோரத்துல செய்யாது. ஈரம் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி வரும், அங்க காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருக்கு. இங்கயும் நாம கெடுப்போம்: கூலரை ஓடவிட்டு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திடுவோம். அரை மணியில ரூம் பிசுபிசுன்னு ஆயிடும். கூலரை ஜன்னல் ஓரம் வெச்சு வெளிக்காத்தை இழுக்க விடுங்க, எதிர் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைங்க. போர் தண்ணியில உப்பு அதிகம்னா வாரம் ஒரு தடவை தொட்டியைக் காலி பண்ணுங்க, இல்லைன்னா பக்கத் தட்டியில உப்புப் படிஞ்சு காத்தே வராது.

கடைசியா ஒருத்தங்க. ஐடா ஸ்கடர், நம்ம சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சவங்க. "அவங்க வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்கதானே, எங்க கட்சிக்குச் சாட்சி"ன்னு எதிர் அணி எழுந்திரிக்கும். உட்காருங்க. அந்த அம்மா பிறந்தது 1870-ல, ராணிப்பேட்டையில. அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், அங்கயே இருந்துடணும்கிறதுதான் அவங்க கனவு. அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு 1890-ல வந்தவங்க, திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு பிரசவத்துக்குக் கூப்பிட்டும், தான் டாக்டர் இல்லாததால போக முடியாம, மூணு பொண்ணுங்களும் இறந்துட்டாங்கன்னு கேட்டாங்க. மறுபடி அமெரிக்கா போனாங்க, குடியிருக்க இல்ல, டாக்டருக்குப் படிக்க. 1899-ல பட்டம் வாங்கிக்கிட்டு, 1900-ல வேலூர்ல ஒரே ஒரு கட்டிலோட வைத்தியத்தை ஆரம்பிச்சாங்க. அந்தத் தாளுல "போய் வந்தா கிடைக்கும்"கிற பக்கத்துல எழுத வேண்டியதை அவங்க சரியா எழுதினாங்க. இன்னிக்கு வங்காளத்துலேர்ந்தும் அஸ்ஸாம்லேர்ந்தும் ட்ரங்க் பெட்டியோட வந்து காந்தி ரோட்டு லாட்ஜுங்கள்ல இடம் தேடுறாங்களே, அந்தக் கூட்டத்துல போய் "வேலூர்ல இன்னா கீது"ன்னு கேட்டுப் பாருங்க.

மணி அடிச்சிட்டீங்க நடுவர் அவர்களே, முடிச்சிடறேன். எனக்கு அடுத்துப் பேச வர்ற எதிர் அணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி. சென்னைக்குக் கிளம்பப் போறதாப் பல வருஷமாச் சொல்றீங்க. உங்க வீட்டு மொட்டை மாடிக்குக் கடைசியா எப்ப ஏறினீங்க? அந்தப் பாட்டில் இன்னும் கம்பி மேலதான் இருக்கா?

நன்றி, வணக்கம்.