நூறு ரூபாவுக்கு எவ்வளவு?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொருளாதார வரலாறு பற்றிக் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் பாட்டுப் போகிற அலைவரிசைக்கு மாற்றலாமா என்று சிலர் யோசிப்பீர்கள். மாற்றாதீர்கள். நான் உங்களைக் கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்.

2022ஆம் ஆண்டு, இலங்கையில் பொருளாதார நெருக்கடி. எரிவாயு வரிசை, பெற்றோல் வரிசை எல்லாம் நினைவிருக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை. ஒரு பின்னேரம் எனக்கு முன்னால் நின்ற பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, "அண்ணை, நூறு ரூபாவுக்குப் பருப்புத் தாங்கோ" என்றாள். கடைக்காரர் தராசைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தராசில் விழுந்ததற்கு மேல் இன்னும் அரைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கொடுத்தார். மூன்று மாதத்துக்கு முன் அதே பிள்ளை அதே கடையில் "அரைக் கிலோ பருப்பு" என்று கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். அரைக் கிலோ, நூறு ரூபாவாக மாறிவிட்டது. பக்கத்தில் பால்மாவைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தார். அதுவும் காசுக் கணக்குத்தான்.

நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். கடையில் பொருள் கேட்க இரண்டு வழி உண்டு. நிறையைச் சொல்லிக் கேட்கலாம், விலை என்னவோ அது. காசைச் சொல்லிக் கேட்கலாம், நிறை என்னவோ அது. கையில் காசு தாராளமாக இருக்கிறவர் நிறையைச் சொல்லுவார். இல்லாதவர் காசைச் சொல்லுவார். ஐந்து சதத்துக்குத் தேயிலை, பத்துச் சதத்துக்குச் சீனி என்று வாங்க ஓடிய தலைமுறை இதைக் கேட்டுக்கொண்டிருக்கும். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இந்த இரண்டாவது வழி மிகப் பழையது. பாபிலோனில், இன்றைய ஈராக்கில், வானத்தைப் பார்த்துக் குறிப்பெழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். சந்திரன் எங்கே, வியாழன் எங்கே என்று களிமண் பலகையில் எழுதுவார்கள். நமக்குக் கிடைத்திருப்பவை கிமு 652இலிருந்து கிமு 61வரை, ஏறக்குறைய அறுநூறு ஆண்டுக் குறிப்புகள். அதிலே நட்சத்திரத்தோடு நட்சத்திரமாக மாதா மாதம் சந்தை நிலவரமும் வரும். வாற்கோதுமை, பேரீச்சம்பழம், எள், கம்பளி. அவர்கள் விலையை எப்படி எழுதினார்கள் தெரியுமா? ஒரு சேக்கல் வெள்ளி, அதாவது எட்டுக் கிராம் சொச்சம் வெள்ளி, அதற்கு எவ்வளவு வாற்கோதுமை கிடைத்தது என்று. வெள்ளி அப்படியே நிற்கும், வாற்கோதுமை ஏறி இறங்கும். அந்தப் பிள்ளையின் நூறு ரூபா மாதிரி. கிமு 323இல் மகா அலெக்சாந்தர் அந்த ஊரில்தான் செத்தார். அன்றைய குறிப்பில் அரசன் இறந்தான் என்றும் மேகம் என்றும் இருக்கிறது. அவ்வளவுதான். உலகத்தைப் புரட்டிய மனிதர் போய்விட்டார், குறிப்பெழுதியவருக்கு மேகம் மறைத்ததும் ஒரு கவலை. அதற்குப் பிறகு அவருடைய தளபதிகள் தங்களுக்குள் சண்டை போட்ட காலத்தில் அதே வெள்ளிக்குக் கிடைத்த தானியம் எப்படிச் சுருங்கியது என்பதையும் அந்தப் பலகைகளே சொல்கின்றன.

இந்த இடத்தில் என் அம்மம்மாவைப் பற்றிச் சொல்லாமல் போகமாட்டேன். அம்மம்மா கொட்டாஞ்சேனையில் இருந்தவ. தாத்தா துறைமுகத்தில் கிளாக்கர். வீட்டுச் செலவை ஒற்றை றூல் கொப்பியில் பென்சிலால் எழுதி வைப்பா. 1952 கடைசியிலிருந்து 1954வரை உள்ள கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. நடுவில் சில தாள் இல்லை. கறையான் அரித்தது என்று பொய் சொல்லலாம். சின்ன வயதில் பட்டம் கட்டியது நான்தான்.

அந்தக் கொப்பியில் சம்பளம் வந்த முதல் வாரத்தில் "சீனி 2 இறாத்தல், பருப்பு 1 கொத்து" என்று இருக்கும். மாதக் கடைசி வாரத்தில் அதே கை "சீனி 15 சதம், பருப்பு 20 சதம்" என்று எழுதியிருக்கும். வாரத்தை விரலால் எண்ணிக்கொண்டு வந்தால் எந்த நாளில் கையிருப்பு முடிந்தது என்று தெரியும். நிறை போய்க் காசு வந்த நாள்.

இப்போது 1953க்கு வாருங்கள். அந்த யூலையில் கூப்பன் அரிசி, அதாவது அரசாங்கம் பங்கீட்டில் கொடுத்த அரிசி, கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு நின்றது, தபாலுக்கும் புகையிரதத்துக்கும் கட்டணம் ஏறியது. அதை எதிர்த்து ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால், வேலைநிறுத்தமும் கடையடைப்பும். ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. அம்மம்மாவின் கொப்பியில் ஓகஸ்ட் 12க்கு நேரே இரண்டே சொல்: "கடை பூட்டு". பாபிலோன்காரருக்கு மேகம், அம்மம்மாவுக்குக் கடை பூட்டு. ஆனால் அடுத்த பக்கங்களைப் புரட்டுங்கள். அதுவரை நாலாம் வாரத்தில் வந்த சதக் கணக்கு, அதற்குப் பிறகு மூன்றாம் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு வாரம் முன்னுக்கு வந்துவிட்டது. ஒரு வீட்டை வைத்து நாட்டைச் சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ஒரு வாரத்தை வேறெந்த அறிக்கையிலும் நான் காணவில்லை.

இங்கிலாந்துக்காரர் இந்தக் காசுக் கணக்கையே சட்டமாக்கி வைத்திருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே பாணுக்கு ஒரு விதி. பாணின் விலை மாறாது. கோதுமை விலை ஏறினால் பாணின் நிறை குறையும், இறங்கினால் நிறை கூடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஏதோ ஒரு வடிவில் இது நீடித்தது. நம்முடைய பேக்கரியில் இறாத்தல் பாண் என்று கேட்கிறோம், 450 கிராம் இருக்கவேண்டும் என்கிறோம். இங்கே நிறை நிற்கவேண்டும், விலை ஏறலாம். அங்கே நேர்மாறு. நம்முடைய பிஸ்கட் பெட்டியோ, விலையும் ஏறி நிறையும் குறைந்து இரண்டு வழியையும் ஒன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டது!

உரோமச் சக்கரவர்த்தி டயோக்கிளீசியன் கிபி 301இல் கட்டுப்பாட்டு விலைப் பட்டியல் ஒன்றைக் கல்லிலே வெட்டி ஊரூராக வைத்தார். மீறினால் மரண தண்டனை. தினாரியம் என்பது அவர்கள் காசு. வயல் கூலியாளுக்குச் சாப்பாடும் போட்டு நாளுக்கு 25 தினாரியம், முடிவெட்ட 2 தினாரியம், படை மரக்கால் என்ற அவர்கள் அளவில் ஒன்று கோதுமை 100 தினாரியம். கணக்குப் போடுங்கள்: நாலு நாள் கூலிக்கு ஒரு மரக்கால். நாட்டுக்கு நாடு கூலியை ஒப்பிடுகிற ஆராய்ச்சி எல்லாம் கடைசியில் இந்தக் கணக்குத்தான். உரோமாபுரியோ இலண்டனோ டில்லியோ, நாணயத்தைத் தூக்கி ஒரு பக்கம் வை, ஒரு நாள் கூலிக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு எண்ணெய், எவ்வளவு துணி என்று பார். சரி, அந்தப் பட்டியல் என்ன ஆனது? பயத்தில் சந்தையிலிருந்து சரக்கே காணாமல் போனது என்று அந்தக் காலத்து எழுத்தாளர் லக்டான்சியஸ் எழுதி வைத்திருக்கிறார். கட்டுப்பாட்டு விலை அறிவித்த மறுநாள் அரிசி எங்கே போகும் என்று கொழும்புப் புறக்கோட்டைச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஒரு சிக்கல். அந்தப் படை மரக்கால் எவ்வளவு பெரியது? அதில் இன்னும் அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள். அளவு தெரியாவிட்டால் விலை தெரிந்தும் பிரயோசனம் இல்லை. இந்த விஷயத்தில் தஞ்சாவூர்க்காரர் கெட்டிக்காரர். இராசராசனின் பெரிய கோயில் கல்வெட்டில் நெல்லை எந்த மரக்காலால் அளக்கவேண்டும் என்று பெயரோடு வெட்டியிருக்கிறது: ஆடவல்லான் என்னும் மரக்கால். நடராசர் பெயர்! பொன் நிறுக்கிற கல்லுக்கும் அதே பெயர். ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல் என்று வருகிறது. கோயில் காசைக் கடனாக வாங்கியவர்கள் ஆண்டுக்குக் காசுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டினார்கள், நூற்றுக்குப் பன்னிரண்டரை. அரைக்கால் என்று பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் அரைக்காற்சட்டையா என்று கேட்கிறார்கள். அது எட்டில் ஒன்று. கொத்து, புசல், அந்தர், இறாத்தல் என்ற பழைய அளவுகள் எல்லாம் அதே வழியில் போய்க்கொண்டிருக்கின்றன. எழுதி வையுங்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. கூலி வரலாறு என்று நெடுங்காலம் எழுதியது பெரும்பாலும் கட்டடத் தொழிலாளியின், அதாவது ஆண்களின் நாட்கூலி. அது கணக்கில் இருந்தது, எடுத்தார்கள். அண்மைக் காலத்தில்தான் பெண்களின் கூலியையும் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். அம்மம்மாவின் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு நிரல் உண்டு: முட்டை விற்றது, சட்டை தைத்தது. தாத்தாவுக்கு அந்தப் பக்கம் தெரியாது என்று அம்மா சொல்லுவா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். நான் உண்மையில் கோப்பியைப் பற்றித்தான் விரிவாகப் பேசவேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்தேன், குடிக்கிற கோப்பி. சுருக்கமாகச் சொல்கிறேன். 1869இல் இலங்கைக் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. பத்துப் பதினைந்து வருடத்தில் தோட்டங்கள் படுத்தன. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவைப் பூட்டியது. அந்த நாளில் இங்கே நோட்டு அச்சிட்டதே தனியார் வங்கிகள். நிறையும் விலையும் இருக்கட்டும், கையில் இருக்கிற காசே காசா என்ற நிலை. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். அதன் பிறகுதான் அரசாங்க நோட்டு வந்தது. அந்த வாரத்தில் கடன் கொடுப்பவர்கள் இருந்த கொழும்புச் செட்டியார் தெருவில் என்ன நடந்திருக்கும் என்பதுதான் நான் சொல்ல ஆசைப்பட்ட கதை. விரல் ஒன்றாகிவிட்டது. வணக்கம்.