பட்டிக்காரரும் பட்டணத்தாரும்
(இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, கால்நடை வைத்திய அதிகாரி அவர்களே, கமக்காரர் அமைப்புகளின் தலைவர்களே, கதிரை கிடைக்காமல் பின்னால் நிற்கும் மாட்டுப் பட்டிக்காரப் பெரியவர்களே, வணக்கம். வைத்திய அதிகாரி ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. கன்று ஈனமுடியாமல் கிடந்த மாட்டைப் பார்த்துவிட்டு, சேறு காயாத சப்பாத்தோடு நேரே மேடைக்கு வந்திருக்கிறார்.

மூன்று விடயம் பேசச் சொன்னார்கள்: மேய்ச்சல் தரை, வீதி விபத்து, பால் விலை. சரி, தொடங்குகிறேன்.

‘மாடு மேய்க்காமல் கெட்டது, பயிர் பார்க்காமல் கெட்டது.’ இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள் நம் முன்னோர். நாம் இரண்டையும் எதிரெதிர்க் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி இந்த வன்னியில் யாரிடம் போனாள்? வன்னிமைச் சிற்றரசர் வாசலுக்கா? சந்தைக்கா? வற்றாப்பளையில், நந்திக்கடல் ஓரம் மாடு மேய்த்த பொடியன்களிடம் போனாள், கிழவி வடிவத்தில். பசிக்குது என்றாள். பொடியன்கள் பால் கறந்து புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டுவிட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் தண்ணியை வார்த்துக் கொளுத்துங்கோ மக்காள் என்றாள். எரிந்தது! அப்புறம், தலை கடிக்குது, பேன் பாருங்கோ என்றாள். மயிரை விலக்கினால் தலை முழுக்கக் கண். சிரிக்காதீர்கள், நீங்களென்றால் ஓடியிருப்பீர்கள், பொடியன்கள் ஓடவில்லை. வைகாசித் திங்களில் வருவேன் என்று சொல்லி மறைந்தாளாம். இன்றைக்கும் வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில்தான் விளக்கு. மதுரையிலும் அவளுக்கு இடம் கொடுத்தவள் மாதரி என்ற இடைச்சி. தவிசாளர் ஐயாவுக்கு இந்தக் கதை என்னைவிட நன்றாகத் தெரியும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று அந்தப் பொடியன்கள் மாட்டை எங்கே விடுவார்கள்? மாரிமழையோடு விதைக்கும் காலபோகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், விதைப்புக்கு ஒரு தேதி, வயல்வெளியிலிருந்து மாடுகளை அகற்ற ஒரு தேதி என்று தீர்மானிக்கிறோம். எங்கே அகற்றுவது என்று ஒருவரும் எழுதுவதில்லை. காட்டுக்குள் போனால் வன இலாகாவின் எல்லைக்கல். குளத்து நீர் ஏறி இறங்கும் அலைகரையில் போனால் அங்கேயும் நெல். ஏ9 வீதியில் படுத்தால் லொறி. டவுனுக்குள் வந்தால் பிடித்துக் கட்டித் தண்டம். தண்டம் கட்டிய மாட்டின் தயிரைத்தான் அதே டவுனில் சட்டி சட்டியாக வாங்குகிறோம்.

அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை, முடிந்ததும் அதே வயல்காரர் வருகிறார்: “தம்பி, மாட்டைக் கொண்டுவந்து தாள் மேய விடு, சாணியாவது விழட்டும்.” 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது எருவின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. மாடு மேய்க்காமல் கெட்டது, பயிர் பார்க்காமல் கெட்டது; வயலுக்கு எரு வேண்டுமென்றால் மாட்டுக்குத் தரை வேண்டும்.

ஆகவே கேட்பது ஒன்றே. ஒவ்வொரு பிரதேச செயலாளர் பிரிவிலும் மேய்ச்சல் தரையை அளந்து, எல்லை போட்டு, வர்த்தமானியில் அறிவியுங்கள். விதைப்புக்கு முன் மாடு போகும் பாதையையும் அதில் சேருங்கள்.

விபத்தும் பால் விலையும் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மேய்ச்சல் தரை கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தைத் தவிசாளர் ஐயா போடுவார் என்று அவரைக் கேட்காமலே அறிவிக்கிறேன். பேனையும் அங்கேயே கட்டியிருக்கிறது.